இருநூத்திப் பதினாலு, அன்னம்மா

எங்க வீட்டுல தெனம் காலையில ஏழு மணிக்கு வருஷம் 1984 ஆயிரும். வெளையாட்டுக்குச் சொல்லல. என் வீட்டுக்காரரு தம்புசாமி பல்லு வெளக்கி, இனிப்புநீர் மாத்திரையப் போட்டுக்கிட்டு, நடு ரூமுக்குள்ள போயி அந்த மெஷின எழுப்புவாரு. அது எழுந்ததும் மொதல்ல தேதி கேக்கும். இந்தக் காலத்து வருஷத்தப் போட்டா அதுக்கு ஏத்துக்கத் தெரியாது, அடம் புடிக்கும். அதனால 1984ன்னு போடுவாரு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அவரு அங்க, நான் இங்க.

மெஷின்னா நெசமான மெஷினும் இல்ல. நெசமானது பீரோ ஒசரம் இருந்துச்சாம், ஏர்கான் இல்லாட்டி ஓடாதாம், பேரு பிடிபி-11, அத மினி கம்ப்யூட்டர்னு சொல்லுவாங்களாம். பீரோ சைசுல மினி! இப்ப எங்க வீட்டுல இருக்கிறது சிகரெட் பெட்டி அளவுல ஒரு பச்சைப் பலகை. அதுக்குள்ள ஓடுற புரோகிராமுக்கு எமுலேட்டர்னு பேரு. அதோட வேலையே அந்தக் குட்டிப் பலகைகிட்ட, நீதான் அந்தப் பழைய பீரோன்னு நம்ப வைக்கிறது. அதுக்கு முன்னாடி, சிவப்பு லைட்டும் வரிசையா சுவிட்சும் வச்ச ஒரு முகப்ப வாங்கி மாட்டியிருக்காரு. ஒவ்வொரு சுவிட்சா மேல தள்ளி, கீழ தள்ளி, எட்டும் ஒம்போதும் இல்லாத ஒரு கணக்குல நம்பர் போட்டாத்தான் அது எழுந்திரிக்கும். ஒரு சுவிட்சு தப்பாப் போனா மறுபடியும் ஆரம்பத்துல இருந்து. மூணு வருஷமா இதையே பாத்துப் பாத்து எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு, கண்றாவி.

டுரியான் துங்கால்ல எங்க தாமான்ல, அதான் குடியிருப்புல, மத்த வீட்டு ஆம்பளைங்க ரிட்டயர் ஆனா டேம் பக்கம் நடக்கப் போறாங்க, மீன் புடிக்கப் போறாங்க. இவரு 1984க்குப் போறாரு. கோலாலம்பூர்ல இருக்கிற எங்க மக அகல்யா, "விடுங்கலா ம்மா, அப்பாவுக்கு ஹாபி. டிவி பாத்துத் தூங்கறதுக்கு இது பெட்டர் லா"ன்னு சொல்லுவா. அவளுக்கென்ன, மாசத்துக்கு ஒரு நாள் வந்து போறவ. கண்ணு செவந்து, முதுகு வளைஞ்சு வெளிய வர்ற மனுசனுக்குச் சோறு போடுறவ நான்தானே.

ஆனா அவரு ஹாபிக்குன்னு இத ஆரம்பிக்கல. எனக்கு நீல ஐசி, அதான் இந்த நாட்டுக் குடியுரிமை அட்டை, வாங்கிக் குடுக்கத்தான் ஆரம்பிச்சாரு.

எனக்கு வயசு அறுபத்தொண்ணு. பொறந்தது பெம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துல, லயத்து வீட்டுல. ஆயா பிரசவம் பாத்துத்தான் பொறந்தேன், யாரும் போயி பதியல. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எனக்குச் செவப்பு ஐசியே கெடைச்சுச்சு. செவப்புன்னா இங்க இருக்கலாம், ஆனா நீ இந்த நாட்டுக்காரி இல்லன்னு அர்த்தம். ஓட்டு இல்ல, பாஸ்போர்ட் இல்ல. ஆஸ்பத்திரியில வெளிநாட்டுக்காரங்க வரிசையில நிக்கணும். இங்கயே பொறந்து, இங்கயே பாலுக்கு மரம் வெட்டி, இங்கயே புள்ள பெத்து, வெளிநாட்டுக்காரி! நீலத்துக்கு நாலு தரம் எழுதிப் போட்டேன், நாலும் திரும்பி வந்துருச்சு. கடைசித் தரம் ஐசி ஆபீசு கவுண்டர்ல சொன்னாங்க: ஐசி எடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க இந்த நாட்டுலதான் இருந்தீங்கங்கிறதுக்கு ஏதாவது ஒரு காயிதம் கொண்டாங்க, பாப்போம்னு. வீட்டுக்கு வர்ற வழியில நான் செத்துப் போனவ மாதிரி ஒக்காந்திருந்தேன். இவரு மட்டும் திடீர்னு ஸ்டியரிங்கத் தட்டுனாரு.

"ராமாயி! காயிதம் இருக்கு. நான்தான் வச்சிருக்கேன். டேப்புல இருக்குடி உன் பேரு!"

அந்த டேப்புல என் பேரு இல்ல. அது எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

அத எப்படிச் சொல்லுவேன்? சொல்றேன், கேளுங்க. எனக்கு மூத்தவ அன்னம்மா. தோட்டத்து ஆஸ்பத்திரியில பொறந்தவ, அதனால அவளுக்குப் பொறப்பு சூராட், அதான் சர்டிபிகேட்டு, இருந்துச்சு. சூராட் இருந்ததால பதினாறு வயசுல பேரு பதிஞ்சு மரம் வெட்டப் போனா. எழுபத்தாறுல காய்ச்சல் வந்து மலாக்கா பெரியாஸ்பத்திரியில செத்துப் போனா. பதினேழு வயசு. அவ வெட்டுன மரத்த நம்பித்தான் வீட்டுல ஒல கொதிச்சுச்சு. பதினாறு நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் விடியக்காலம் எங்கம்மா என்னை எழுப்பி, அக்காவோட சட்டைய மாட்டிவிட்டு, பெரட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பெரட்டுன்னா, காலையில இருட்டோட எல்லாரும் வரிசையா நிக்கணும், கணக்கெழுதுற கிராணி பேரு கூப்பிடுவாரு, இருக்கேன்னு சொல்லணும். எனக்குப் பதிமூணு வயசு. "அன்னம்மா"ன்னு கூப்பிட்டாரு ரங்கசாமி கிராணி. எங்கம்மா இடுப்புல கிள்ளுனாங்க. "இருக்கேங்க"ன்னு சொன்னேன். கிராணி என்னைப் பாத்தாரு, எங்கம்மாவப் பாத்தாரு, தலையக் குனிஞ்சு டிக் போட்டாரு. நல்ல மனுசன். அன்னியிலருந்து கல்யாணம் வரைக்கும் ஒம்போது வருஷம் நான் அன்னம்மாதான்.

எங்க தோட்டத்துல நான் ஒருத்தி மட்டும் இப்படி இல்ல. சூராட் இல்லாத புள்ளைங்க சூராட் உள்ளவங்க பேர்ல வேலை செஞ்சது எத்தனையோ. அது தப்புன்னே யாரும் நெனைக்கல. வயிறு நெறையணும், அவ்வளவுதான்.

இப்ப இவரு கதைக்கு வரேன். தம்புசாமி ஜாசின் டவுன்காரரு. அஞ்சாம் பாரம் முடிச்சு, எழுபத்தெட்டுல மலாக்காவுல தோட்டங்களப் பாத்துக்கிற ஒரு ஏஜென்சி ஆபீசுல கம்ப்யூட்டர் ஆப்பரேட்டரா சேந்தாரு. அஞ்சு தோட்டத்துக் கிராணிங்களும் மாசக் கடைசியில செக்ரோல் புஸ்தகத்த பஸ்ஸுல குடுத்து அனுப்புவாங்க. யாரு எத்தனை நாள் வேலைக்கு வந்தாங்கன்னு அதுல இருக்கும். இவரு குளுகுளு ரூமுல ஒக்காந்து அத மெஷின்ல அடிப்பாரு. அந்த ரூமுக்குச் செருப்பு போட்டுக்கிட்டுப் போகக்கூடாதாம், கோயிலாட்டம். எங்க தோட்டமும் அந்த அஞ்சுல ஒண்ணு. ஆக, என்னைப் பொண்ணு பாக்க வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடியிருந்தே இந்த மனுசன் மாசாமாசம் என்னை அடிச்சிருக்காரு, அன்னம்மான்னு. பொண்ணு பாக்க வந்தப்போ எங்கம்மா அடுப்படியில வச்சு என் காதுல சொன்னாங்க: "மாப்பிள்ள கம்பெனி ஆபீசு. பேரு மாத்துன சங்கதிய வாயத் தொறந்து சொன்ன, கல்யாணமும் நிக்கும், எம்பொழப்பும் போயிரும்." நானும் வாயத் தொறக்கல.

கல்யாணத்துக்கப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். எண்பத்தேழுல ஒரு சங்கதி நடந்துச்சு. வீரமுத்துன்னு ஒரு வயசான தொழிலாளி, வேலையில அடிபட்டுட்டாரு. அந்த மாசம் அவரு வேலைக்கே வரலன்னு மாத்திப் போடுன்னு மேனேஜரு இவருகிட்டச் சொன்னாரு. ஒரே ஒரு வரி. இவரு மாட்டேன்னுட்டாரு. "கிராணி எழுதுனத நான் அடிக்கிறேன். அதுல ஒரு வரிய மாத்துனா மிச்சம் இருக்கிற எந்த வரியையும் யாரும் நம்ப வேணாம் சார்" அப்படின்னாராம். ரெண்டு வருஷம் உர மூட்டை எண்ணுற ஸ்டோருக்குத் தள்ளிவிட்டாங்க. சம்பள ஏத்தமும் போச்சு. அகல்யா அப்பக் கைக்கொழந்த. நான் திட்டுனேன், அழுதேன், அவரு அசையல. சரிதான், ஒரு வரிக்காக மேனேஜரையே எதுத்த மனுசன், ஒம்போது வருஷம் பொய்ப் பேர்ல நின்னவள என்னன்னு நெனைப்பாருன்னு பயந்துட்டேன். பயம் பழகிப் போச்சு. அப்புறம் சொல்றதுக்கு வேளையே வரல.

தொண்ணூத்தொண்ணுல அந்த ஆபீசுல மெஷினத் தூக்கிப் போட்டுட்டாங்க. டேப்பெல்லாம் குப்பை லோரிக்குப் போச்சு. இவரு ஒரே ஒரு சுருளு மட்டும் வீட்டுக்குக் கொண்டாந்தாரு, சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். எங்க தோட்டத்தோட எழுபத்தொம்போதுல இருந்து எண்பத்துநாலு வரைக்குமான செக்ரோல். "என் பொண்டாட்டி பேரு இருக்கிற டேப்பக் குப்பையில போட மனசு வரல"ன்னாரு. அலமாரி மேல வச்சாரு. முப்பது வருஷம் அது அங்கயே இருந்துச்சு. தூசி தட்டுறப்பெல்லாம் அத மட்டும் தொடாம சுத்தித் தொடைப்பேன்.

கவுண்டர்ல அப்படிச் சொல்லிட்டு வந்த வாரமே ஆரம்பிச்சுட்டாரு. டேப்பப் படிக்கணும்னா பழைய டேப் மெஷின் வேணும். படிச்சத வெளங்கிக்க அந்தப் பழைய கம்ப்யூட்டர் வேணும். மொதலாவதுக்கு ஹமீது பாய் கெடைச்சாரு. அப்துல் ஹமீது, அந்தக் காலத்துல இந்த மெஷினெல்லாம் ரிப்பேர் பாத்தவரு. கிளேபாங்குல மகன் நடத்துற சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால, அரிசி மூட்டைங்களோட ஒரு டேப் மெஷினையும் வச்சிருக்காரு. டேப்பப் பாத்ததும் மூக்குல வச்சு மோந்தாரு. "வேர்த்திருக்கு தம்பு. இப்படியே ஓட்டுனா பசையாட்டம் ஒட்டிக்கிட்டு உரிஞ்சு போயிரும். லேசான சூட்டுல எட்டு மணி நேரம் வச்சு ஈரத்த எடுக்கணும்"னாரு. எங்க வெச்சாரு தெரியுமா? என் ஓவன்ல! தீபாவளிக்குப் பலகாரம் சுடுற ஓவன்ல, கதவு இடுக்குல கரண்டியச் செருகி, தெர்மாமீட்டர நட்டு வச்சு, எட்டு மணி நேரம் ஸ்டூல் போட்டுக் காவல் காத்தாரு. அந்த வருஷம் நெய் பிஸ்கட்டெல்லாம் பிளாஸ்டிக் வாசம்.

ரெண்டாவதுக்குத்தான் அந்தக் குட்டிப் பலகையும் எமுலேட்டரும். அத அமைக்கவே ஒரு வருஷம் ஆச்சு. ஒரு நாள் வேலை செஞ்சுருச்சு. "ராமாயி, வா வா!"ன்னு கூப்பிட்டாரு. போயி நின்னேன். திரையில எங்க தோட்டத்து ஆளுங்க ஒவ்வொரு பேரா மேல ஏறிப் போறாங்க. நம்பர், பேரு, எத்தனை நாள் வேலை, அவ்வளவுதான். செத்துப் போனவங்க பேரெல்லாம் ஓடுது. என் கண்ணு கலங்கிருச்சு, சந்தோசத்துல இல்ல. இருநூத்தி முப்பதோட வரிசை நின்னுருச்சு. கடைசிப் பக்கம் டேப்புல உரிஞ்சு போயிருக்குன்னாரு. "உன் பேரு அந்த உரிஞ்ச எடத்துலதான் இருக்கணும். எடுத்துரலாம், பயப்படாத." அப்புறம் யோசிச்சு ஒண்ணு கேட்டாரு. "இருநூத்திப் பதினாலுல ஒரு அன்னம்மா இருக்கே, உங்கக்காவா?"

"தோட்டத்துல நாலு அன்னம்மா. அவ எழுபத்தாறுலயே போய்ச் சேந்துட்டா"ன்னேன். அத்தோட விட்டுட்டாரு.

அதுக்கப்புறம் பதினாலு மாசம். உரிஞ்சு போன எடத்துல இருந்து ஒரு எழுத்து, ரெண்டு எழுத்துன்னு பொறுக்கிக்கிட்டே இருந்தாரு. கிளேபாங்குக்கும் வீட்டுக்கும் அலைஞ்சாரு. கண்ணுல ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரு, இது முடியட்டும்னாரு. நான் சோறு போட்டேன், டீ போட்டேன், போதும் விடுங்கன்னேன். ஒரே ஒரு வார்த்தைய மட்டும் சொல்லல. சொன்னா, வேற பேர்ல வேலை செஞ்சவன்னு, இருக்கிற செவப்பையும் கவுண்டர்ல புடுங்கிக்குவாங்களோன்னு ஒரு பயம். அதவிட இந்த மனுசன் மொகத்த எப்படிப் பாக்கிறதுங்கிற பயம். என்னை நானே சனியனேன்னு திட்டிக்குவேன், மறுபடியும் டீ போடுவேன்.

போன மார்ச் மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம், பழைய பிரிண்டர் கரகரன்னு சத்தம் போட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, அகலமான காயிதத்த நாலா மடிச்சுக் கையில புடிச்சுக்கிட்டு அடுப்படிக்கு வந்தாரு. என் மொகத்தப் பாக்கல, பாத்திரம் கழுவுற சிங்க்கப் பாத்துக்கிட்டு நின்னாரு.

"கெடைச்சிருச்சு ராமாயி."

கைய முந்தானையில தொடச்சுட்டு வாங்கிப் பாத்தேன். இருநூத்தி முப்பத்தொண்ணு, ராமாயி. என் பேரு. ஆறு வருஷம், எழுபத்திரண்டு மாசம். ஒவ்வொரு மாசத்துக்கும் நேரா இருபத்தாறு நாள், இருபத்தாறு நாள், இருபத்தாறு நாள். ஒரு நாள் கூட லீவு இல்ல.

டேப்புல இல்லாத பேரு காயிதத்துல எப்படி வரும்? அவரு அடிச்சாத்தான் வரும். ஒரு வரிய மாத்த மாட்டேன்னு ரெண்டு வருஷம் உர மூட்டை எண்ணுன மனுசன். மெஷினு 1984ன்னு நம்பிக்கிட்டு இருக்கு, எத அடிச்சாலும் அன்னிக்கு எழுதுன மாதிரியே குடுக்கும். ராமாயின்னு பெரட்டுல நிக்காதவளுக்கு இவரே ஒரு வரி எழுதிப் போட்டுட்டாரு. அதுலயும் மழை மாசம், இலை உதுர்ற மாசம் எல்லாத்துலயும் இருபத்தாறு நாள்! மரம் வெட்டத் தெரியாத மனுசன். நவம்பர்ல எந்தத் தோட்டத்துல எவ இருபத்தாறு நாள் வெட்டுனா?

"படிங்க"ன்னேன்.

"என்னத்த?"

"பெரட்டு மாதிரி பேரப் படிங்க. இருநூத்திப் பத்துல இருந்து. கேக்கணும் போல இருக்கு."

ஸ்டூல்ல ஒக்காந்து கண்ணாடியப் போட்டுக்கிட்டாரு. "இருநூத்திப் பத்து, காந்தன். பதினொண்ணு, கணேஸ்வரன். பன்னெண்டு, மாரியாயி. பதிமூணு, சடையன். பதினாலு, அன்னம்மா."

"இருக்கேங்க"ன்னேன்.

அவரு நிமிந்து பாத்தாரு. "நீ இது இல்லம்மா. நீ இருநூத்தி முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணு நான் இல்ல. அது யாருமே இல்லன்னு உங்களுக்கும் தெரியும். பதினாலுதான் நான்."

சொல்லிட்டேன். அடுப்படித் தரையில ஒக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். அக்கா சட்டை, அம்மா கிள்ளுனது, கிராணி தலையக் குனிஞ்சது, எல்லாம். நாப்பத்தெட்டு வருஷத்து அழுகை, நிக்கவே இல்ல. அவரு என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவல. எழுந்து ரூமுக்குப் போனாரு. டக்கு டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. போயி வாசல்ல நின்னேன். இருநூத்தி முப்பத்தொண்ண அழிச்சாரு. அழிக்கட்டுமான்னு மெஷின் ஒரு தடவை கேட்டுச்சு, ஆமான்னு அடிச்சாரு. அப்புறம் இருநூத்திப் பதினால மட்டும் தனியா எடுத்து பிரிண்டர்ல போட்டாரு. இருபத்துநாலு, இருபத்தொண்ணு, நவம்பர்ல பதினஞ்சு. எண்பத்துமூணு டிசம்பர்ல ஏழே நாள், அப்ப எங்கம்மாவுக்கு மஞ்சக்காமாலை. ஒவ்வொரு நம்பரும் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

பிஸ்கட் டின்னுக்குள்ள அக்காவோட பொறப்பு சூராட்டும் சாவு சூராட்டும் இருந்துச்சு. நடந்தத எழுதி, சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டோம். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுக் கவுண்டருக்குப் போனோம். நாலு மணி நேரம் காத்திருந்து என் நம்பர் வந்துச்சு. தலையில தூடோங் துணி போட்ட சின்னப் பொண்ணு, அகல்யா வயசுதான் இருக்கும். மொதல்ல கம்பெனி சாப்பு, அதான் முத்திரை, எங்கன்னு கேட்டுச்சு. கம்பெனியே இல்லம்மான்னாரு இவரு. அது ரெண்டு காயிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பாத்துச்சு. எழுபத்தாறுல செத்துட்டாங்கன்னு ஒண்ணு, எண்பத்துநாலு வரைக்கும் மரம் வெட்டுனாங்கன்னு ஒண்ணு.

"மக்சிக்"னு, மலாய்ல அத்தையக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டுச்சு. "அப்ப இந்த ஆறு வருஷமும் வேலை செஞ்சது யாரு?"ன்னு கேட்டுச்சு.

"சாயா"ன்னேன். நான். பக்கத்துக் கவுண்டர்ல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. அவ்வளவு சத்தமா சொல்லிட்டேன் போல.

பொண்ணு நகல் எடுத்து ஃபைல்ல குத்திக்கிச்சு. ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது, காத்திருங்கன்னுச்சு. அத நான் எத்தனை தரம் கேட்டாச்சு. ஆனா இந்தத் தரம் திருப்பிக் குடுக்கல, வாங்கி வச்சுக்கிச்சு.

திரும்பி வர்றப்ப சிக்னல்ல வண்டி நின்னுச்சு. அவரு முன்னாடியே பாத்துக்கிட்டுச் சொன்னாரு, "அன்னிக்கு நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா இந்தப் பதினாலு மாசம் வேண்டியதில்ல. மொத நாளே வந்துருச்சு உன் பேரு."

"தப்புதாங்க. என்னைத் திட்டுங்க."

"என்னத்தத் திட்டுறது" அப்படின்னாரு. பச்சை விழுந்துருச்சு, பின்னால ஹாரன் அடிக்கிறாங்க, அவரு எடுக்கவே இல்ல. "மாசாமாசம் நான்தானே அடிச்சேன். ஆறு வருஷம். அந்த டிசம்பர்ல ஏழு நாள்னு அடிக்கும்போது நெனைச்சேன், பாவம் யாரோ, இந்தப் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல போலன்னு."